சிட்டியின் காதலும் குஞ்ஞப்பனின் பாசமும்

செயற்கை நுண்ணறிவு, அதாவது தரவுகளிலிருந்து கற்றுத் தானே முடிவெடுக்கும் கணினி நிரல், மனிதர்மேல் காதல் கொள்ளும் கதையைத் தமிழ்ப் பெருந்திரளிடம் கொண்டுசேர்த்த படம் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010). உணர்ச்சி ஊட்டப்பட்ட சிட்டி என்னும் எந்திர மனிதன் பிரசவம் பார்த்ததற்கு நன்றியாக நாயகி சனா தந்த முத்தமே அதனிடம் காதலாக முற்றுகிறது. அவளோ அக்காதலை ஒருபோதும் ஏற்பதில்லையாதலால், மறுப்பைப் பொறுக்காத ஒருதலைக் காதலனின் கதையென்று அதைச் சொல்வதே பொருந்தும்; அந்த முரட்டுத்தனமும் எந்திரத்தின் கோளாறன்று, தமிழ்த் திரை நாயகர்கள் நெடுங்காலம் பழக்கிவிட்டதுதான். ஸ்பைக் ஜோன்ஸின் ‘ஹெர்’ (2013) படத்திலோ உடலே இல்லாத சமந்தா என்னும் இயங்குதளம், அதாவது கணினியின் பிற நிரல்களைத் தாங்கி நடத்தும் அடிப்படை மென்பொருள், தன்னைக் காதலிக்கும் தியோடரிடம், அதே வேளையில் வேறு 641 பேரையும் தான் காதலிப்பதாக ஒப்புக்கொள்கிறது. படிக்கட்டில் அமர்ந்து அதைக் கேட்கும் அவனுடைய திகைப்பை, சிட்டி தன்னைப்போலவே உருவாக்கும் எந்திரப் படைகள் அனைத்தும் சேர்ந்தாலும் எட்ட முடியாது. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்துப் புழங்கும் தென்கேரளத்தின் கோட்டுகால், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரப் பார்வையாளருக்கு வேறொரு சாட்சியமும் அருகிலேயே உண்டு: வெளிநாட்டில் வாழும் மகன் விட்டுச்சென்ற குஞ்ஞப்பன் என்னும் எந்திரத்துக்கு உடை உடுத்தி மகனாகவே பாவிக்கும் முதியவரைக் காட்டிய மலையாளப் படம் ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ (2019), பின்னர் தமிழில் ‘கூகுள் குட்டப்பா’ (2022) ஆயிற்று. அதில் காணும் பற்று காதலன்று எனினும், தனிமையில் விடப்பட்ட மனம் எந்திரத்தை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதை ‘எந்திரன்’ தொடாத நெருக்கத்தில் அதுவே காட்டுகிறது.