நீராவி வால்வும் அதைத் திருப்பும் கையும்

மத்திய அந்தமானை அடுத்துள்ள லாங் ஐலண்ட் என்னும் சிறு தீவில் முன்னர் ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இயங்கி வந்தது. ஒட்டுப்பலகை செய்வோர் மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி உலர்த்திப் பசையிட்டு, சூடான தட்டுகளுக்கிடையே அழுத்துவர். இத்தொழிலுக்கு வேண்டிய உஷ்ணத்தைப் பெரும்பாலும் கொதிகலனின் நீராவியே அளிக்கிறது. அந்நீராவியை அடக்கி ஆள்வது வால்வு. வால்வை ஆள்வதோ தொழிலாளியின் கை.

வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 மடங்கு அழுத்தமுள்ள நீராவியின் உஷ்ணநிலை சுமார் 180 டிகிரி சென்டிகிரேட். ஆயினும் அதன் சூடு மட்டுமே அபாயமன்று. வேலை நின்று குழாய் குளிர்ந்ததும், உள்ளே எஞ்சிய நீராவி நீராகித் தங்குகிறது. அந்நிலையில் வால்வைச் சட்டெனத் திறந்தால், விரைந்து பாயும் நீராவி அந்நீரைத் திரட்டி வளைவுகளிலும் வால்வுகளிலும் சம்மட்டிபோல் மோதச் செய்கிறது. வார்ப்பிரும்பு வால்வு அவ்வடியில் பிளந்துவிடக்கூடும்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. முதலில் வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்றுக. வால்வைச் சிறிதே திறந்து குழாயைச் சூடேற விடுக. பிறகு மெல்ல மெல்ல முழுதும் திறக்க. திறப்பவர் கையுறை அணிந்து, தண்டுக்கு நேராக நில்லாமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். சூட்டில் இறுக மூடிய வால்வு குளிர்ந்தபின் சிக்கிக்கொள்வதுண்டு. அதை நீண்ட கம்பியால் நெம்புதல் தகாது. பாதுகாப்பு வால்வு ஆவியைக் கக்குகிறதென்று அதன்மேல் பாரமேற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

1863-இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்பே, மறு ஆண்டு வங்காளத்தில் கொதிகலன் சோதனைச் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. நாடு முழுமைக்குமான சட்டம் 1923-இல் வந்தது. அதனிடத்தில் 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டமும் சோதனையும் இன்றியமையாதவையே. ஆனால் ஆய்வாளர் எப்போதாவது வருகிறார். தொழிலாளியோ நாள்தோறும் வால்வைத் திருப்புகிறார். ‘மெல்லத் திற’ என்று மட்டும் கட்டளையிட்டால், அவசரம் வந்த நாளில் அக்கட்டளை மறந்துபோம். குழாயினுள் நீர் நிற்பதை மனக்கண்ணால் காண்பவரோ எந்த அவசரத்திலும் விரையமாட்டார்.

அந்தமானில் வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோர் கலந்து வாழ்கின்றனர். இத்தகைய இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய எச்சரிக்கைப் பலகையால் பயன் யாது? லாங் ஐலண்ட் போன்ற தீவில் ஒருவர் ஆவியால் வெந்தால், பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்தே அவரைக் கொண்டு செல்ல வேண்டும். ஆதலின், ஒவ்வொரு வால்வினருகிலும் அதைத் திருப்புவோரின் தாய்மொழியில் செய்முறையும் காரணமும் எழுதப்பெறல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு வாய்மொழியாகவும் படத்தாலும் விளக்கப்பெறல் வேண்டும் என்பதே நம் கருத்து. இதற்காகும் செலவு ஒரு வால்வின் விலையைக்கூட எட்டாது. காக்கப்படுவதோ மனித உயிர்.