லேப்டாப்பைக் காயலான் கடையில் போடும் முன்

அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரா பௌர்ணமியில் முழுநிலா ஏன் சித்திரை நட்சத்திரத்தின் பக்கம் வந்து நிற்கிறது என்று காட்டுவதற்காக, மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளியில் புரொஜெக்டர் இருந்தது. லேப்டாப் அங்கிருந்த ஆசிரியை ஒருவருடையது. அவர் மகள் 2012-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைத் திறந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரியோடு ஒரு பெட்டி வந்தது. ஓகே அழுத்தியதும் எல்லாம் மூடிக்கொண்டது. ஆசிரியை வழக்கமாகச் சர்வீஸ் பார்க்கிற கடைக்காரருக்குப் போன் போட்டார். பதில் ஸ்பீக்கரில் கேட்டது: "டீச்சர், அது அந்தக் காலத்து மெஷினு. கிராபிக்ஸ் கார்டு இல்லாம வானமெல்லாம் ஓடாது. பேசாம எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க."

இதே தீர்ப்பைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். கல்லூரி லேப்காரர்கள் சொல்கிறார்கள். தொலைநோக்கி வைத்திருக்கிற நண்பர்கள்கூடச் சொல்கிறார்கள். அது தவறு என்பதுதான் என் கட்சி.

வானத்தை ஓட்டக் கனமான கார்டு வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். ஸ்டெல்லேரியத்தோடு இயல்பாக வருகிற பட்டியலில் ஆறு லட்சம் விண்மீன்கள் இருக்கின்றன. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வெறுங்கண் வானத்தைத் திரையில் விரிக்கும்போது அது போடுவது சில ஆயிரம் புள்ளிகள், பால்வீதிக்கு ஒட்டிய ஒரு படம், அடிவானத்துக்கு இன்னொரு படம். பையன்கள் ஆடுகிற கார் ரேஸோடு ஒப்பிட்டால் இது ஒரு வேலையே இல்லை. ஸ்டெல்லேரியம் கேட்பது வேகத்தை அல்ல, ஒரு மொழியை. இந்தப் புள்ளியை இங்கே போடு, இந்தப் படத்தை அங்கே ஒட்டு என்று மென்பொருள் சில்லுக்குச் சொல்கிற மொழிக்கு ஓபன்ஜிஎல் என்று பெயர். சில்லுக்குக் குறைந்தபட்சம் அதன் 2.1 பதிப்பு தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிப்பு வெளிவந்தது 2006-ல். 2011, 2012-ல் வந்த இன்டெல் பிராசஸர்களுக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கு 3.1 தெரியும். அந்த லேப்டாப்பைக் கிழவன் என்று ஒதுக்குவதில் நியாயமே இல்லை.

பிறகு ஏன் பெட்டி வந்தது? சில்லுக்குத் தெரியும்; மென்பொருளுக்கும் சில்லுக்கும் நடுவில் நிற்கிற டிரைவருக்குத் தெரியவில்லை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தேன். இன்டெல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தது. போன தீபாவளிக்கு மெஷினை ஃபார்மட் அடித்தது அதே கடைதான். விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள், கிராபிக்ஸ் டிரைவரைப் போட மறந்திருக்கிறார்கள். சில்லு தயாரித்தவரின் டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள ஓபன்ஜிஎல்லைக் கொடுக்கும். அது 1.1. தொண்ணூறுகளின் சரக்கு. ஸ்டெல்லேரியம் தன் பயனர் கோப்புறையில் எழுதிவைக்கிற லாக் கோப்பைத் திறந்தால், ரெண்டரர் என்ற இடத்தில் "ஜிடிஐ ஜெனரிக்" என்று இருக்கும். இந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், கார்டைத் தேடிக் கடைக்கு ஓடவும் வேண்டாம்.

"படம் ஓடுது, யூடியூப் ஓடுது, அப்ப டிரைவர் சரியாத்தான இருக்கு" என்பார்கள். இல்லை. வீடியோ பார்க்க ஓபன்ஜிஎல் தேவையில்லை. பேசிக் அடாப்டரிலேயே பிராசஸர் தம் கட்டி ஓட்டிவிடும்.

அடுத்தது டிரைவர் பேக். எல்லா மெஷினுக்கும் எல்லா டிரைவரும் ஒரே பென்டிரைவில் என்று கைக்குக் கை போகிற சரக்கு. எனக்கு இதன் மேல் தனிக் கோபம் உண்டு. அது பல நேரம் பெயரளவில் பொருந்துகிற ஏதோ ஒரு பதிப்பைப் போட்டுவிட்டு, கூடவே கேட்காத நாலு மென்பொருளையும் இறக்கிவிட்டுப் போகும். பிறகு நிலா கறுப்பு வட்டமாகத் தெரியும், நட்சத்திரப் பெயர்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தெரியும். பழி ஸ்டெல்லேரியத்தின் மேல் விழும். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படித்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய டிரைவரை இறக்குவதுதான் ஒழுங்கான வழி. பத்து நிமிட வேலை.

சரி, அந்த டிரைவர் கிடைக்கவில்லை, அல்லது பழைய சில்லுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் தருவதைத் தயாரிப்பாளரே நிறுத்திவிட்டார். இது உண்மையிலேயே நடக்கிறது. அப்போதும் கதை முடிந்துவிடவில்லை. எல்லோரும் ஓகே அடித்து மூடிவிடுகிற அந்தப் பெட்டியே வழி சொல்கிறது: டிரைவரைப் புதுப்பி, அல்லது வன்பொருளை மாற்று, அல்லது ஆங்கிள் முறையில், அதுவும் ஆகாவிட்டால் மேசா முறையில் திற. நம் ஆட்கள் இதில் வன்பொருளை மட்டும் படித்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிள், ஓபன்ஜிஎல் பேச்சை விண்டோஸின் சொந்த டைரக்ட்3டி-க்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும்; க்யூடி 5 என்ற கருவித்தொகுப்பில் கட்டிய ஸ்டெல்லேரியம் பதிப்பில் இது உண்டு. மேசா முறை, கிராபிக்ஸ் சில்லையே நம்பாமல் பிராசஸரை வைத்து வரையும். 1993-ல் பிரையன் பால் என்பவர் தொடங்கிய திறமூல வேலை அது. மேசா மெதுவாகத்தான் நகரும். ஏ அழுத்தி வளிமண்டலத்தையும் ஜி அழுத்தித் தரையையும் அணைத்தால் வகுப்புக்குப் போதும்.

லினக்ஸ் வழி இன்னும் எளிது. அங்கே சில்லை நேரடியாக ஓட்டுகிற இன்டெல் டிரைவரும் மேசாவுக்குள்ளேயே இருக்கிறது. தேடி இறக்க வேண்டியதில்லை. அன்று மேலூரில் நான் செய்ததும் இதுதான். பையில் இருந்த லினக்ஸ் பென்டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்தேன். அதே லேப்டாப், அதே சில்லு. சுவரில் வானம் விரிந்தது. வடக்கே அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில் துருவ நட்சத்திரம், தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. ஒரு பையன் எழுந்து, "சார், இது நம்ம ஊரு வானமா?" என்றான்.

புதிய கார்டு வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதற்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான லேப்டாப்பில் கார்டு செருக இடமே கிடையாது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள விலை உயர்ந்த லேப்டாப்பிலும், விண்டோஸ் அமைப்பில் மாற்றிச் சொல்லாவிட்டால் ஸ்டெல்லேரியம் பல நேரம் சின்னச் சில்லிலேயே ஓடும். டெஸ்க்டாப்பில் புதுக் கார்டைப் போட்டுவிட்டு மானிட்டர் கேபிளைப் பழைய மதர்போர்டுத் துளையிலேயே விட்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆறு மாதம் அப்படியே ஓட்டினார்.

கடைக்காரர் பக்கம் நியாயம் உள்ள இடமும் ஒன்று உண்டு. இன்டெல் ஜிஎம்ஏ 950 காலத்து மெஷினுக்கு ஓபன்ஜிஎல் 1.4-க்கு மேல் தெரியாது. எந்த விண்டோஸ் டிரைவரும் அதை மாற்றாது. அதில் மேசா ஊர்ந்தால் ஊர்ந்ததுதான். ஆனால் அரசு லேப்டாப் திட்டம் தொடங்கியதே 2011-ல். வீட்டுப் பரணில் கிடக்கிற அந்த லேப்டாப்பை முதலில் இறக்கித் துடையுங்கள்.

2031 மே 21 அன்று நண்பகல் தாண்டி மதுரைக்கு மேலே வளையச் சூரிய கிரகணம் வருகிறது, 2019 டிசம்பர் 26-ல் வந்ததைப் போல. ஸ்டெல்லேரியத்தில் எஃப்6 அழுத்தி ஊரை மதுரை என்று வையுங்கள், எஃப்5 அழுத்தி அந்தத் தேதியைப் போடுங்கள். பெட்டி ஏதாவது வந்தால், ஓகே அழுத்துவதற்கு முன் அதில் எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள்.