விசாவால் கட்டப்பட்ட கூலி உழைப்பு

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். புதிய எச்-1பி விசா விண்ணப்பம் ஒன்றுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றது அது. நடைமுறைக்கு வர இரண்டே நாட்கள். விடுமுறைக்கு இந்தியா வந்திருந்த மென்பொருள் பொறியாளர்கள் திரும்பும் டிக்கெட்டுக்காக அலைந்தனர். உடனே அமெரிக்கா திரும்புங்கள் என்று பெருநிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பின. ஏற்கெனவே விசா வைத்திருப்போருக்குக் கட்டணம் இல்லை என்ற விளக்கம் அதற்குப் பிறகே வந்தது.

அந்த வாரம் இந்திய ஊடகங்கள் விவாதித்ததெல்லாம் ஐ.டி. நிறுவனங்களின் பங்கு விலை, ஏற்றுமதி வருவாய், 'இந்தியத் திறமை'யின் பெருமை ஆகியவற்றைத்தான். ஒரு கையொப்பத்தால் பல்லாயிரம் பேரை விமான நிலையத்துக்கு ஓடவைக்க முடிகிறதென்றால் அவர்களுடைய வேலை எத்தகையது என்ற கேள்வி எழவே இல்லை. அமெரிக்கச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, இவர்கள் மேட்டுக்குடியினர் என்று ஒதுக்கும் போக்கு இடதுசாரி அணிகளிலும் உண்டு. சம்பளத்தின் அளவு, ஒருவர் கூலி உழைப்பாளரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில்லை.

ஹைதராபாத்தின் அமீர்பேட்டையில் ஜாவாவும் டேட்டாபேஸும் கற்றுத்தரும் பயிற்சி நிலையங்கள் தெருத்தெருவாக உள்ளன. நகரத்துக்கு வெளியே சில்குர் கிராமத்தில் உள்ள கோயிலுக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர். வேண்டுதலுக்கு 11 சுற்று, விசா கிடைத்தால் 108 சுற்று. ஓர் இளைஞரின் வாழ்க்கை, அவர் எழுதும் நிரலின் தரத்தைவிடக் குலுக்கல் முறையை நம்பி நிற்கிறது என்பதைக் கடவுளும் அறிவார் போலும்!

எச்-1பிக்குத் தொழிலாளி விண்ணப்பிக்க முடியாது. முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பகுதியில் 'நிலவும் ஊதியம்' தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அமெரிக்கத் தொழிலாளர் துறை அதையே நான்கு படிகளாகப் பிரித்து வைத்துள்ளது. ஒரே வேலை செய்யும் நூறு பேரை ஊதிய வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 17ஆவது ஆள் பெறுவது முதற்படி. 34ஆவது ஆள் பெறுவது இரண்டாம் படி. இரண்டுமே நடு ஊதியத்துக்குக் கீழ். 2019இல் சான்றளிக்கப்பட்ட எச்-1பி பணியிடங்களில் 60 விழுக்காடு இவ்விரு படிகளில் அடங்கியதாக வாஷிங்டனின் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் கணக்கிட்டது. அமெரிக்கத் தொழிலாளியின் ஊதியத்தை அழுத்துவது இந்தியரின் வருகை அல்ல. மூலதனத்துக்குச் சட்டம் அமைத்துக் கொடுத்த இந்தப் படிக்கட்டுதான். டிரம்பின் இனவெறிப் பேச்சு அதைக் கவனமாக மறைக்கிறது.

வேலை போனால் புதிய முதலாளியைத் தேட அதிகபட்சம் 60 நாட்கள். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் மெட்டா 11,000, அமேசான் 18,000, கூகுள் 12,000, மைக்ரோசாப்ட் 10,000 என ஆட்குறைப்பை அறிவித்தபோது இந்த எண்ணின் பொருள் புரிந்தது. வாடகை ஒப்பந்தத்தை முறித்து, காரை விற்று, குழந்தையைப் பள்ளியிலிருந்து பாதியில் எடுத்து, இடையில் நேர்முகத் தேர்வுகளுக்கும் தயாராக வேண்டும். இந்த அச்சம் அன்றாட வேலையிலும் புகுந்துவிடுகிறது. போதிய சோதனை இல்லாமல் நிரலை வெளியிடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். காலக்கெடு பொருந்தாது என்பதும் தெரியும். வாய் திறப்பதில்லை. நள்ளிரவில் சர்வர் பழுதானால் எழுந்து சரிசெய்யும் 'ஆன் கால்' முறை அடுத்தடுத்த வாரங்களில் தம் தலையிலேயே விழுந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்.

நிரந்தர வசிப்புரிமைக்கான கிரீன் கார்டு விடுதலை தரும் என்பார்கள். வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு வரம்பு. வரிசையில் பல லட்சம் இந்தியர்கள். காத்திருக்கும் காலத்தில் நிறுவனம் மாறினால் வரிசை எண் பெரும்பாலும் நிலைக்கும்; ஆனால் புதிய முதலாளி விண்ணப்ப வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியாவில் பிறந்து அங்கு வளர்ந்த பிள்ளை 21 வயதில் பெற்றோரின் விசாவிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது.

மூலதனத்துக்குத் தேவை என்றால் கதவு அகலத் திறக்கும். ஒய்-டூ-கே பரபரப்பிலும் டாட்காம் எழுச்சியிலும் 65,000 ஆக இருந்த ஆண்டு வரம்பு 1,15,000 ஆகி, பிறகு 1,95,000 ஆனது. குமிழி வெடித்தபின் 2004 நிதியாண்டில் மறுபடியும் 65,000.

இவை அனைத்திலும் குறைவாகப் பேசப்படுவது ஓய்வூதியம். எச்-1பி ஊழியர் தம் ஊதியத்தில் 6.2 விழுக்காட்டை அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்துகிறார். நிறுவனமும் அதே அளவு. ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஊதியம் என்றால் ஆறு ஆண்டுகளில் இருவர் பங்கும் சேர்ந்து 74,400 டாலர். ஓய்வூதியத் தகுதிக்கோ பொதுவாகப் பத்து ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். விசாவின் இயல்பான உச்ச காலம் ஆறு ஆண்டுகள். அத்துடன் நாடு திரும்புவோருக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்காது.

ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், கனடா உள்ளிட்ட நாடுகளுடன் இதற்கான ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கு உண்டு. அமெரிக்காவுடன் இல்லை. ஒப்பந்த நாட்டில் பொதுவாகப் பொருந்தும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். இந்தியாவின் வருங்கால வைப்பு நிதியோ அமைப்புசார்ந்த துறையோடு நின்றுவிடுகிறது. இது வாஷிங்டனின் சாக்கு என்றே கொண்டாலும், அந்தச் சாக்கைக் கையில் கொடுத்தது டெல்லி. கட்டுமானத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் ஓய்வூதியம் மறுத்த அரசு, டெக்சாசில் நிரல் எழுதுபவரின் சேமிப்பையும் சேர்த்தே இழந்திருக்கிறது.

பெங்களூருவில் ஐ.டி. ஊழியர் சங்கம் 2024இல், நாளொன்றுக்கு 14 மணி நேர வேலை என்ற முன்மொழிவை எதிர்த்துப் போராடியது. வெளிநாட்டிலிருந்து திரும்பியோரையும் இத்தகைய சங்கங்கள் உறுப்பினர்களாக்க வேண்டும். அனைவருக்கும் ஓய்வூதியம் என்ற கோரிக்கையை, பிடித்தம் செய்யப்பட்ட தம் சம்பளச் சீட்டைக் கையில் வைத்தே அவர்களால் விளக்க முடியும்.