எங்களுக்கா இடைவெளி சொல்லித் தர்றீங்க?

2020இல் கொரோனா ஊரடங்கு நேரம். தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குச் சமூகப்பணி தெரியாதாம். செல்போனில் மூன்று நாள் பயிற்சி. முதல் பாடம் 'சமூக இடைவெளி'. ரெண்டாவது பாடம் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை'.

எந்தச் சமூகத்துக்கும் எந்தச் சமூகத்துக்கும் இடைவெளி? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்திருக்கிற நாட்டில் இந்த வார்த்தையைக் கூசாமல் எழுதினார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைத்தவனுக்கு இது புதுப் பாடமா? உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 20இல் 'உடல் இடைவெளி' என்று சொல்லை மாற்றிக்கொண்டது. நம்ம ஊரில் ஆட்டோவில் மைக் கட்டி 'சமூக இடைவெளி' என்றே கத்தினார்கள். 'தனிமனித இடைவெளி' பிறகுதான் வந்தது. தமிழ் படித்தவன் சொல்கிறேன், சொல் சும்மா வாயில் வராது.

முத்தையாபுரம் பக்கம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்கு சோப்பும் நோட்டீசும் கொண்டுபோனேன். இருபது வினாடி கை கழுவணும் என்றேன். ஒரு அம்மா கேட்டார்: "எய்யா, சோப்பு தாரிய. தண்ணிய யாரு தருவா?" குடிக்கிற தண்ணியையே குடம் இவ்வளவு என்று காசுக்கு வாங்குகிறவர். உப்புத்தண்ணியில் நின்று நின்று வெடித்த பாதம். பங்குனி, சித்திரையில் உப்பு வாரிய கூலியை வைத்துத்தான் ஐப்பசி மழையில் அடுப்பெரியணும். சரியாக அந்தப் பருவத்தில் ஊரடங்கு வந்து விழுந்தது. ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். இவரிடம் இல்லாதது விழிப்புணர்வா? அந்தக் கேள்வியை அப்படியே அறிக்கையில் எழுதினேன். 'பயனாளிகளிடம் ஒத்துழைப்பு குறைவு' என்று திருத்தி மேலே அனுப்பினார்கள்.

இந்தியாவில் சமூகப்பணி சொல்லித்தரும் பள்ளி 1936இல் பம்பாயில் வந்தது. அதற்கு 39 வருடம் முன்னால், 1897இல், பிளேக்கில் கிடந்த மஹர் சிறுவனைப் பூனாவில் தூக்கிச் சுமந்தார் சாவித்திரிபாய் பூலே. அந்த நோய் தொற்றியே மார்ச் 10இல் இறந்தார். மூன்று நாள் பயிற்சியில் அவர் பெயர் ஒருதடவைகூட வரவில்லை.

கொரோனாவில் தெருவைக் கூட்டி, முகக்கவசக் குப்பையை அள்ளினார்களே, அவர்களைச் சமூகப்பணியாளர் என்று எவனும் சொல்லவில்லை. 2020இல் 'தூய்மைப் பணியாளர்' என்று பேரை மாற்றினார்கள். மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள். 2025 ஆகஸ்டில், குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பேர் மாற்றியது ஒரு கட்சி ஆட்சி, கைது செய்தது இன்னொரு கட்சி ஆட்சி. அள்ளப்பட்டவர்களில் பெரும்பகுதி பெண்கள், நம் பெண்கள்.