பட்டியலில் பெயர் வந்த பிறகு



அத்திப்பட்டு புதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதம் வந்தது. மகள் குரூப் 4 எழுதியிருக்கிறாள். சான்றிதழ்களைப் பதிவேற்றும்படி அரசுப் பணியாளர் தேர்வாணையமான டிஎன்பிஎஸ்சி வெளியிட்ட பட்டியலில் அவளுடைய பதிவெண் இருக்கிறது. தெரு முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டார்கள். கணவர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்கள் வீட்டில் அரசு வேலைக்கு இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள் இந்தப் பெண்தான். "இனிமே வேலை கிடைச்ச மாதிரிதானே சார்?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

அந்த இனிப்பு வீண் போகவில்லை. 2024 ஜூன் 9இல் நடந்த குரூப் 4 தேர்வை எழுதியவர்கள் மட்டும் 15 லட்சத்துக்கு மேல். இத்தனை கூட்டத்தில் பட்டியலுக்குள் வருவது சின்ன விஷயமே அல்ல. ஆனால் அம்மா, வேலை இன்னும் கைக்கு வரவில்லை. காலியிடங்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான பேரைத்தான் தேர்வாணையம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும். அழைப்பு வந்ததாலேயே தெரிவு உறுதியாகிவிடாது என்று அவர்களே எழுதிவிடுகிறார்கள். பட்டியலுக்கும் பணி நியமன ஆணைக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் உழைப்பு பாக்கியிருக்கிறது. அதற்குக் கோச்சிங் கிளாஸ் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அரசு வேலையில் இருந்தால் அவர் சொல்லிக்கொடுப்பார். அப்படி யாரும் இல்லாத வீடுகளை நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் தரவரிசை. மொத்தத் தரவரிசையில் 9,000க்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோகும் பிள்ளைகள் உண்டு. அதே மதிப்பெண் அட்டையில் இனவாரித் தரவரிசையும் இருக்கும். பொதுப்பிரிவுக்கு 31 சதவீதம் போக மீதி 69 சதவீதம் இடஒதுக்கீட்டில் நிரப்பப்படுகிறது. பெண்கள், தமிழ்வழியில் படித்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கான ஒதுக்கீடு ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் ஊடாக ஓடுகிறது. ஆகவே உங்கள் பிள்ளை எந்தெந்த வரிசைகளில் நிற்கிறாள் என்று எல்லாவற்றையும் பாருங்கள். காலியிடங்களும் இடையில் கூடும். 2022இல் 7,301 இடங்கள் என்று அறிவித்த குரூப் 4, நடுவே 10 ஆயிரத்தைத் தாண்டியது. 2024இல் 6,244 என்று தொடங்கியது 9,491இல் முடிந்தது. விளிம்பில் நிற்பவர்கள் கோப்பைக் கட்டி பரணில் போட்டுவிடக் கூடாது.

இனி சான்றிதழ்கள். இங்கேதான் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் சறுக்குகிறார்கள்.

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டுச் சட்டம் இது. 2020இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தகுதி என்றால், ஒன்று முதல் பத்து வரை ஒவ்வொரு ஆண்டுக்கும் சான்று வேண்டும். எண்ணூர், கத்திவாக்கம், அத்திப்பட்டு, மீஞ்சூர் பகுதிகளில் ஒப்பந்த வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே வீடு மாறும் குடும்பங்கள் ஏராளம். ஒரு பிள்ளை ஐந்தாவது வரை அத்திப்பட்டிலும் எட்டாவது வரை கத்திவாக்கத்திலும் பத்தாவதை மீஞ்சூரிலும் முடித்திருக்கும். மூன்று பள்ளி, மூன்று தலைமை ஆசிரியர், மூன்று கையெழுத்து. ஒருவர் பயிற்சிக்குப் போயிருப்பார், இன்னொரு பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடவே ஒரு வாரம் ஆகும். அதற்காக அப்பா ஒவ்வொரு நாளும் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. பதிவேற்றக் கொடுக்கும் அவகாசமோ சில நாட்கள்தான். அதனால் தேர்வு எழுதிவிட்டு வந்த வாரமே இந்தச் சான்றைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகிறது. 2022 ஜூலை 24இல் நடந்த தேர்வின் முடிவு 2023 மார்ச் 24இல்தான் வந்தது. அந்த எட்டு மாதங்கள் முழுக்க நம் கையில் இருந்த காலம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். திருமணமான பெண்கள் கவனமாகக் கேளுங்கள். சான்றிதழ் தந்தையின் பெயரில்தான் இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு வேறு ஏதோ தேவைக்காகக் கணவர் பெயரில் வாங்கிய சான்றைப் பதிவேற்றினால், இடஒதுக்கீட்டுப் பிரிவிலிருந்தே விலக்கி 'இதரர்' கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒரே ஒரு பெயரால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறுகிறது. இது தெரியாமல் ஒரு பெண்கூட வேலையை இழக்கக் கூடாது என்று மனதாரச் சொல்கிறேன். பழங்குடியினருக்கான சான்றை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். நம் பகுதி இருளர் குடும்பங்களுக்கு அதற்கான அலைச்சல் எவ்வளவு என்பது பொன்னேரி அலுவலகப் படிகளுக்குத் தெரியும். ஆதரவற்ற விதவைச் சான்றும் அப்படியே: சாதாரண விதவைச் சான்று செல்லாது, கோட்டாட்சியர் நிலையிலுள்ள அலுவலர் உரிய படிவத்தில் தந்தது வேண்டும்.

பெயரில் முதலெழுத்து மாறியிருப்பது, மதிப்பெண் பட்டியலில் ஒரு ஸ்பெல்லிங்கும் ஆதாரில் வேறொன்றும் இருப்பது எல்லாம் நம் வீடுகளில் சகஜம். உண்மையில் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழில் வெளியிட்ட பக்கத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நன்னடத்தைச் சான்று, ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்தால் தடையின்மைச் சான்று, தட்டச்சர் பதவி என்றால் தொழில்நுட்பக் கல்வித் துறையின் தட்டச்சுச் சான்று ஆகியவையும் தேவை. விண்ணப்பத்தில் நீங்கள் எதைக் கோரினீர்களோ அதற்குத்தான் மதிப்பு. கோராததைப் பின்னால் சேர்க்க முடியாது, கோரியதற்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் சிக்கல். அதனால் பதிவேற்ற உட்காருவதற்கு முன் விண்ணப்பத்தின் நகலை அச்செடுத்து ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதற்குரிய சான்றை வைத்துப் பாருங்கள். பதிவேற்றியதும் அதே கோப்பைத் திறந்து, முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நெட் சென்டரில் அவசரத்தில் ஸ்கேன் செய்யும்போது பின்பக்கம் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

இதெல்லாம் தாண்டினால் மூலச்சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும். சென்னை பூங்கா நகரில் உள்ள தேர்வாணைய அலுவலகத்தில் அது நடக்கும். அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலில் வந்து மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். ஆனால் கொருக்குப்பேட்டை, பேசின் பாலம் அருகே வண்டி நின்றால் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. இரண்டு வண்டி முன்னதாகவே ஏறிவிடுங்கள். குறித்த நாளில் வராதவருக்கு அந்த வாய்ப்பு போய்விடும்.

கலந்தாய்வில் தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைப்பார்கள். எந்தத் துறையில், எந்த மாவட்டத்தில், எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்பது திரையில் தெரியும். நம் முறை வரும்போது சில நிமிடங்களுக்குள் சொல்லியாக வேண்டும். இளநிலை உதவியாளரா, கிராம நிர்வாக அலுவலரா? ராமநாதபுரத்தில் கிடைத்தால் போவோமா, பக்கத்திலேயே வேண்டுமென்று தட்டச்சர் பணியை எடுப்போமா? இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க முடியாது. அன்றன்று முடியும்போது மீதமுள்ள காலியிட விவரத்தை டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் வெளியிடுவது வழக்கம். உங்கள் நாளுக்கு முந்தைய சில நாட்களின் விவரத்தை எடுத்து, உங்கள் பிரிவில் எது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். பத்து விருப்பங்களையாவது வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள். பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர்களும் அந்தத் தயக்கத்தை அன்று காலையில் ரயிலில் சொல்லாமல் முன்பே பேசித் தீர்த்துவிடுவது நல்லது.

எல்லாம் சரியாகச் செய்தும் வேலை வராமல் போனவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையாக எழுதியதாகாது. மின்வாரியம் 2019இல் கேங்மேன் பதவிக்கு 5,000 பேர் என்று அறிவித்து, பிறகு அதை 10 ஆயிரமாக உயர்த்தியது. கம்பம் ஏறிக் கிராஸ் ஆர்ம் பொருத்திக் காட்டும் உடல்தகுதித் தேர்வில் தேறி, விண்ணப்பித்தவர்கள் 2020 மார்ச்சில் எழுத்துத் தேர்வும் எழுதினார்கள். 2021இன் தொடக்கத்தில் 9,613 பேருக்கு ஆணை கிடைத்தது. தேறியும் வேலை கிடைக்காத ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதே வாரியம் உதவிப் பொறியாளர், களப்பணி உதவியாளர், கணக்கீட்டாளர் உள்ளிட்ட 5,318 இடங்களுக்கு வெளியிட்ட அறிவிப்புகள் 2022இல் ரத்தாயின. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்து, ஐடிஐ முடித்து, மின்வாரிய வேலையையே கனவாக வைத்திருந்த நம் பகுதி இளைஞர்களுக்கு அது பெரிய அடி. அதன் பிறகு இந்த ஆள்சேர்ப்பு டிஎன்பிஎஸ்சி பொறுப்புக்கு வந்தது. 2025இல் களப்பணி உதவியாளர் பணிக்கு 1,794 இடங்களை அறிவித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? சங்கர்சன் தாஷ் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தெரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் பணி நியமனம் பெறும் உரிமை வந்துவிடாது. அதேசமயம் இடங்களை நிரப்பாமல் விடுவதற்கு அரசிடம் நேர்மையான காரணம் இருக்க வேண்டும், மனம்போன போக்கில் நடக்கக் கூடாது. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் இதை உறுதிசெய்ததோடு, ஆள்சேர்ப்பு தொடங்கிய பிறகு விதிகள் இடம் கொடுத்தாலொழிய தகுதி அளவுகோலை நடுவில் மாற்றக் கூடாது என்றும் சொன்னார்கள். அநீதி நடந்ததாகத் தோன்றினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். இடைத்தரகர் எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தரவரிசைப்படி எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கும் கலந்தாய்வில் எவராலும் எதையும் வாங்கித்தர முடியாது.

ஆகவே அம்மா, ஒதுக்கீட்டு ஆணை வந்து, துறையிலிருந்து நியமன ஆணையும் வந்து, மருத்துவத் தகுதிச் சான்றோடு மகள் பணியில் சேரும்வரை அவள் இப்போது பார்க்கும் வேலையை விட வேண்டாம். அடுத்த தேர்வுக்கான படிப்பையும் நிறுத்த வேண்டாம். கல்யாணத் தேதியோ கடனோ இந்தப் பட்டியலை நம்பி முடிவாக வேண்டாம்.

நம் வாசகர்களில் அரசுப் பணியில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். எண்ணூர் முதல் பொன்னேரி வரை வசிப்பவர்கள், கலந்தாய்வுக் காலங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் கோப்புகளைப் பார்த்துக் கொடுக்க முடியுமா? முடியும் என்பவர்கள் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள். யார் எங்கே இருப்பார்கள் என்பதை அடுத்த இதழில் ஊர்வாரியாக வெளியிடுகிறேன். அத்திப்பட்டு புதுநகரில் முதலில் தொடங்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்