கையெழுத்துப் போடும் முன்

சுகாதாரத்துறைக் கொள்முதலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் உயர் அலுவலர் அவர்களுக்கு,

இரத்தத் தொற்றை முன்கூட்டியே கண்டுபிடித்து, எந்த ஆன்டிபயாட்டிக் போடலாம் என்றும் சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை வாங்கும் கோப்பு தங்கள் மேசையில் இருக்கிறது. முதலில் நம் நோயாளிகளிடம் சோதித்துப் பாருங்கள் என்று நுண்ணுயிரியல் மருத்துவர்கள் கொடுத்த மனுக்களுக்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிகூட வரவில்லை. விதிமுறைகள் தாங்கள் அறியாதவை அல்ல. அவற்றை இங்கே ஒப்பிக்கத் தேவையில்லை. மிச்சிகனில் நடந்ததை மட்டும் தாங்கள் படித்தால் போதும்.

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் நோயாளிப் பதிவேடு எபிக் நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுகிறது. தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் நிலை வரப்போகிறது என்று எச்சரிக்கும் கணிப்பான் ஒன்றும் அதோடு வந்தது. தயாரித்தவர்கள் கணக்கில் அதன் மதிப்பெண் 0.76 முதல் 0.83 வரை. 0.5 என்றால் பூவா தலையா போடுவதற்குச் சமம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனைத் தரவில் சரிபார்த்து 2021இல் வெளியிட்டார்கள்: 0.63. செப்சிஸ் வந்த 2,552 பேரில் 1,709 பேரை அது கண்டுகொள்ளவே இல்லை. அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு அலறித் தள்ளியது. நேரத்துக்கு ஆன்டிபயாட்டிக் கிடைக்காமல் போனவர்களில் அது சுட்டிக்காட்டியது 183 பேரை.

இன்னொன்றையும் கேளுங்கள். மருத்துவர் ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் எழுதிவிட்டாரா என்பதும் அந்தக் கணிப்பான் எடுத்துக்கொண்ட விவரங்களில் ஒன்று! பக்கத்து மாணவனின் விடைத்தாளை எட்டிப் பார்த்து எழுதியவனுக்கு முதல் பரிசு கொடுத்த கதைதான். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு எழுதும் முன்பிருந்த தகவல்களை மட்டும் வைத்து அதே பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில் துல்லியம் 53 சதவீதம். நிறுவனம் இதற்குள் கணிப்பானை மாற்றியமைத்துவிட்டது. யாரோ கணக்குக் கேட்டதால்தான்.

நோய் இருக்கிறதா என்று சொல்வதிலேயே இந்தப் பாடு. எந்த மருந்து என்பது இன்னும் சிக்கல். வேறு ஊர் வார்டுகளில் பழகிய கருவி மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் போடச் சொல்லும். இங்கே, ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பில் உள்ள பெரிய மருத்துவமனைகளில், கிளெப்சியெல்லா நிமோனியே கிருமிகளில் பாதிக்கு மேல் அந்த மருந்துக்கு மசிவதில்லை.

உள்ளூர்த் தரவை ஊட்டலாம் என்பீர்கள். எந்தத் தரவை? முதல் டோஸ் உள்ளே போகும் முன்பே இரத்தம் எடுத்து, பெரியவர்களுக்குக் கல்ச்சர் பாட்டில் ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லி விட வேண்டும். நெரிசலான வார்டில் மருந்து முதலில் ஏறுகிறது. பாட்டில் பிறகு வருகிறது, அதிலும் மூன்று நான்கு மில்லிதான். ஐந்து நாள் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட். கிருமியே இல்லையா, மருந்து அதை அமுக்கிவிட்டதா? மருத்துவருக்காவது சந்தேகம் வரும். கணினி 'இல்லை' என்றே படித்துக்கொள்ளும்.

கணினி மேல் யாருக்கும் பகை இல்லை. இரத்தத் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் பரிந்துரைக்கும் மைசின் என்ற நிரலை 1970களிலேயே ஸ்டான்ஃபோர்டில் எழுதிவிட்டார்கள். 1979இல் வெளியான ஒரு சோதனையில், மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேருக்கு அது சொன்ன சிகிச்சை நிபுணர்களுடையதற்குச் சளைக்கவில்லை. அப்படியிருந்தும் வார்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது வரவே இல்லை. அவ்வளவு தயக்கம் அன்று. இன்றோ உங்களுக்கு ரிப்பன் வெட்ட நாள் குறிக்கும் அவசரம். கல்ச்சர் பாட்டில் வாங்கினால் யார் ரிப்பன் வெட்டுவார்கள்? இரவுப் பணிக்கு ஒரு லேப் டெக்னீஷியனைப் போட்டால் எந்தப் பத்திரிகையில் படம் வரும்?

ஆறு மாதம் அந்தக் கருவியைப் பின்னணியில் ஓடவிடுங்கள், அலாரம் யாருக்கும் போகாமல். அது சொன்னதையும் கல்ச்சர் சொன்னதையும் அருகருகே வைத்து, எத்தனை பேரைத் தவறவிட்டது என்று வெளியிடுங்கள். விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேருங்கள்.