ஆஸ்திரேலியப் பெட்டியில் எது வரலாம், எது வேண்டாம்

"சிட்னியில இருந்து அண்ணி வர்றாங்க டாக்டர், முகத்துக்கு என்ன வாங்கிட்டு வரச் சொல்லட்டும்?" லீவு சீசன் வந்தா இன்பாக்ஸ்ல இந்தக் கேள்வி வராம இருக்காது. தனித்தனியா பதில் எழுதி மாளல, அதனால இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் சரும நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில் பொது ஓ.பி. பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். எந்த பிராண்டும் எனக்கு ஒரு ட்யூப்கூட இலவசமா அனுப்பினது இல்லை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்த ஊர் மேக்கப் இல்லைன்னா நமக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. அங்கிருந்து வரவழைக்கிற அளவுக்கு மதிப்புள்ள பொருள் சன்ஸ்க்ரீன்தான். அதையும் பேரைப் பார்த்து வாங்கக் கூடாது.

மேக்கப்பைச் சீக்கிரம் முடிச்சுடலாம். நெப்போலியன் பெர்டிஸ், நியூட் பை நேச்சர் எல்லாம் அங்கே தெரிஞ்ச பேர்கள். எம்கோ பியூட்டி சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். விலை உயர்ந்த பிராண்டுகளின் சாயலில் மலிவா செஞ்சு தர்றதுதான் அதன் தொழிலே. மஸ்காரா, லிப்ஸ்டிக் ஆசைப்பட்டா வாங்கிக்கோங்க, தப்பே இல்லை. ஃபவுண்டேஷன் மட்டும் வேண்டாம். வாட்ஸ்அப் போட்டோ பார்த்து நம்ம நிறத்துக்கு ஷேடு எடுக்க யாராலும் முடியாது.

"ஆஸ்திரேலியன் பிராண்டு" என்ற பெருமைக்கும் பெரிய அர்த்தம் இல்லை. மெல்போர்னில் 1987-ல் தொடங்கின ஈசாப், 2023-ல் லோரியால் கைக்குப் போயிடுச்சு. பெர்த்தில் பிறந்த பெக்காவை 2016-ல் எஸ்டே லாடர் வாங்கி, 2021-ல் மூடியே விட்டது.

அடுத்து 'இயற்கை' வகையறா. லூகாஸ் பப்பாளி ஆயின்ட்மென்ட், அந்தச் சிவப்பு டப்பா, எல்லார் பெட்டியிலும் வரும். ஒரு கிராமில் பப்பாளி வெறும் 39 மில்லிகிராம். மிச்சத்தில் பெரும்பங்கு பெட்ரோலியம் ஜெல்லிதான். வெடிச்ச உதட்டுக்கு நல்லாத்தான் கேட்கும், நம்ம ஊர் வாசலைனும் அதே வேலையைச் செய்யும். அதில் சேர்க்கும் பெரு பால்சம் சிலருக்கு அலர்ஜி கிளப்பும் பொருள் என்பதால், புண் மேல தடவாதீங்க.

டீ ட்ரீ ஆயிலுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு. 1990-ல் 124 முகப்பரு நோயாளிகளிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்ஸைடையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் வேலை செஞ்சது. டீ ட்ரீ மெதுவா செஞ்சது, ஆனா எரிச்சல் குறைவு. இது ஜெல்லோட கதை. சுத்த எண்ணெயை நேரா முகத்தில் தேய்ச்சுட்டு செவந்து வீங்கி வர்றவங்க கதை வேற. பாட்டிலைத் திறந்து ரொம்ப நாள் வெச்சா அது காற்று பட்டு மாறும், அப்போ அலர்ஜி இன்னும் அதிகம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் மூணு பேரில் ரெண்டு பேருக்கு 70 வயசுக்குள்ள ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வருது. வெளுத்த தோல், கொளுத்தற வெயில். அந்தப் பயத்தில் 1981-லேயே 'ஸ்லிப், ஸ்லாப், ஸ்லாப்' பிரசாரத்தை ஆரம்பிச்சாங்க: சட்டையைப் போடு, சன்ஸ்க்ரீன் தடவு, தொப்பியை மாட்டு. இந்தியாவில் சன்ஸ்க்ரீன் ஒரு அழகுசாதனப் பொருள். அங்கே அது மருந்து மாதிரி, டி.ஜி.ஏ. என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் வரும். டப்பாவில் 'ஆஸ்ட் எல்' என்று போட்டு ஒரு எண் இருக்கும். அந்த எண் இல்லாத சன்ஸ்க்ரீனை அண்ணி தூக்கிட்டு வர வேண்டியதில்லை.

சன்ஸ்க்ரீன் பற்றி உலகம் நம்பும் முக்கியமான ஆய்வும் அங்கே நடந்ததுதான். குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992-ல் 1621 பேரை வைத்து ஆரம்பிச்சாங்க. தினமும் தடவச் சொன்னவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுக்கட்டிகள் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சது. தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு என்று 2013-ல் வெளியிட்டாங்க. எந்த 'ஆன்டி ஏஜிங்' சீரமும் இவ்வளவு நல்ல ஆதாரத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் கோட்டை விட்டாங்க. 2025 ஜூனில் சாய்ஸ் என்ற அங்குள்ள நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்க்ரீன்களைச் சோதிச்சது. 16, டப்பாவில் போட்ட எஸ்.பி.எஃப். அளவைத் தொடல. அல்ட்ரா வயலெட் என்ற ஸ்டைலான பிராண்டின் லீன் ஸ்க்ரீன், 50+ என்று போட்டிருந்தது. சோதனையில் வந்தது 4. முதல்ல நிறுவனம் மறுத்தது. அப்புறம் அவங்களே பல லேபில் சோதிச்சப்போ முடிவு ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லை, ஆகஸ்டில் திரும்பப் பெற்றாங்க. அதே அடிப்படைக் கலவையை வைத்திருந்த வேறு பிராண்டுகளும் விற்பனையை நிறுத்தின. ஓட்டை எங்கேன்னா, எஸ்.பி.எஃப். சோதனையை டி.ஜி.ஏ. தானே செய்வதில்லை, நிறுவனம் ஏற்பாடு செய்யும் லேப் ரிப்போர்ட்டை வைத்துதான் எல்லாம் நடக்குது.

தேறின நாலில் ஆஸ்திரேலிய பிராண்டு ரெண்டு: கேன்சர் கவுன்சிலின் கிட்ஸ் 50+, மெக்கா காஸ்மெட்டிக்காவின் டு சேவ் பாடி 50+. அதே கேன்சர் கவுன்சிலின் வேறு சில பொருட்கள் தேறலங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். அதனால பேரைச் சொல்லாம, டப்பாவில் உள்ள முழுப் பெயரையும் சொல்லி வாங்கச் சொல்லுங்க. இன்னொண்ணு: 50 போட்டு 30 வந்தா தலை போகாது. 30 சுமார் 97 சதவீதம் யு.வி.பி. கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98. நான்குதான் பயங்கரம்.

ஏன் இவ்வளவு கோபம்னா, என் ஓ.பி.க்கு லூபஸ் நோயாளிகள் வர்றாங்க. வெயில் பட்டாலே கன்னம் செவந்து, மூட்டு வலிச்சு, சில சமயம் சிறுநீரகம் வரைக்கும் நோய் கிளம்பும். டாக்ஸிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் வெயில் ஒத்துக்காது. 50+ தடவியிருக்கோம்னு நம்பி ஒரு லூபஸ் பொண்ணு மதியம் வெளியே போய், முகத்தில் இருந்தது 4-ன்னா? அது மேக்கப் பிரச்சினையா?

நம்ம மாநிறத்துக்குத் தோல் புற்றுநோய் பயம் குறைவு. நம்ம தொல்லை மங்கு. அதைக் கிளப்புறதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, வெறும் எஸ்.பி.எஃப். எண் அதைப் பத்திப் பேசாது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசா நிறமுள்ள சன்ஸ்க்ரீன்தான் அதுக்கு உதவும். சாதா ஸிங்க் க்ரீம் தடவினா விபூதி பூசின மாதிரி நிற்கும்கிற புகாருக்கும் அதுவே பதில். மங்கு உள்ளவங்க கேட்டு வாங்க வேண்டிய சொல் 'டின்டட்'.

அளவு: முகம், காது, கழுத்துக்கு ஒரு டீஸ்பூன். பட்டாணி சைஸ் இல்லை. வெயிலில் இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. இந்தக் கணக்கில் 50 மில்லி ட்யூப் பத்தே நாளில் காலி ஆகும், ஒருத்தருக்கு மட்டும். அதனாலதான் அழகான சின்ன ட்யூபைவிட, அவங்க சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பெரிய பாட்டில் மேல எனக்கு மரியாதை.

வந்ததும் காலாவதித் தேதியைப் பாருங்க. 30 டிகிரிக்குக் கீழ வைக்கச் சொல்லி அந்த டப்பாவிலேயே இருக்கும். மே மாசம் கார் டேஷ்போர்டில் போட்டுட்டு, பிரிஞ்சு தண்ணியா ஊத்துறதை முகத்தில் தடவாதீங்க மக்களே.